நாளை நம்மை எவ்வாறு நினைப்பர்?

மனிதன் தன் வாழ்வை அளந்து பார்க்கக் கோல்கள் பல உள. ஈட்டிய பொருள் ஒன்று. எய்திய பதவி மற்றொன்று. வளர்த்த மக்கள் பிறிதொன்று. இவை அனைத்தினும் கடுமையான கோல் ஒன்றுண்டு. தான் மறைந்த பின்னர்த் தன்னைப் பற்றித் தன் ஊரார் என்ன கூறுவர் என்று எண்ணிப் பார்ப்பதே அது. வள்ளுவர் இல்லறவியலின் இறுதியில் 'புகழ்' என்னும் அதிகாரத்தை வைத்தார். இல்லறத்தின் வரவு செலவைத் தீர்த்து எழுதும் இடம் அதுவே என அவர் கருதினார் போலும்.

வெள்ளி விழாக் காணும் கல்விக் கழகத்திற்கும் இக்கோல் பொருந்தும். விழா மலர் என்றால் கடந்த 25 ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு. நாமோ இக்கட்டுரையில் முகத்தை எதிர்ப்புறம் திருப்ப விழைகின்றோம். இன்னும் 25 ஆண்டுகள் கழித்துப் பொன் விழா மலர் எழுதுவோர் நம்மைப் பற்றி என்ன எழுதுவர்? இக்கேள்விக்கு விடை காண வரலாற்றைத்தான் நாட வேண்டும். ஏனெனில், 'நம்மை எவ்வாறு நினைப்பர்?' என்று கேட்கும் உரிமையே நம் மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. உளியும் எழுத்தாணியும் பிறர் கையில் இருந்தன. அவை நம் கைக்கு வந்த கதையை அறிந்தால்தான், நாம் எதை எழுதப் போகின்றோம் என்பதும் விளங்கும்.

கல்லில் இல்லாத பெயர்கள்

நமது திருவையாறு கல்வெட்டுகள் நிறைந்த ஊர். ஐயாறப்பர் திருக்கோயில் வளாகத்தில் இராசராச சோழனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் உள்ளது. இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவியின் பெயரோடு இணைந்த தென்கயிலாயமும் உள்ளது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்விரு பெண்டிரின் பெயர்கள் நின்று நிலவுகின்றன.

காவிரிக்குத் தெற்கே இரண்டு காத தூரத்துக்கும் குறைவாக உள்ள தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றால் வியப்பு இன்னும் மிகும். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் சுவர்களில் இராசராசன் எத்துணைப் பெயர்களைப் பொறித்தான்! ஆடல் வல்ல தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் உள்ளன. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தவர் என்பனவும் குறிக்கப்பட்டுள்ளன. திருவையாற்றிலிருந்து சென்றவரும் அவர்களுள் உளர். கணக்கர், காவலர், நாவிதர், வண்ணார், தையற்காரர் எனப் பணி செய்தோர் அனைவர்க்கும் அக்கல்லில் இடம் உண்டு.

அதே கோயிலின் கல்வெட்டுகளில் நம் முன்னோரும் குறிக்கப்படுகின்றனர். எவ்வாறு? கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலங்களை அளந்தபோது, வரி கொள்ளாத நிலங்கள் இவை என ஒரு பட்டியல் எழுதப்பட்டது. ஊர் நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றோடு 'பறைச்சேரி' என்னும் சொல்லும் அங்கே வருகின்றது. அவ்வளவே. அச்சேரியில் வாழ்ந்தவர் யார்? அந்நிலங்களை உழுது, நாற்று நட்டு, அறுத்து, அடித்து, கோயில் களஞ்சியத்திற்கு நெல் சேர்த்தவர் யார்? ஒரு பெயரும் இல்லை. நில அளவில் கழித்து எழுதும் ஒரு பகுதியாக மட்டுமே அவர்கள் நின்றனர்.

இதனைக் கூறுவது பழங்காலத்து மன்னரைப் பழிப்பதற்கன்று. பெயர் எழுதப்படுவதும் எழுதப்படாமையும் தற்செயலாக நிகழ்வன அல்ல என்பதை உணர்த்தவே கூறுகின்றோம். எவர் உழைப்பு உரிமையாகக் கருதப்பட்டதோ அவர் பெயர் கல்லில் ஏறிற்று. எவர் உழைப்பு நிலத்தோடு சேர்ந்த பொருளாகக் கருதப்பட்டதோ அவர் பெயர் காற்றில் கலந்தது. தஞ்சைத் தரணியில் பண்ணையாட்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

பிறர் எழுதிய நந்தன்

பெயர் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் நந்தனார். கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரில் புலையர் குடியில் தோன்றியவர். அவர் நினைவு வளர்ந்த வரலாறு நம் கேள்விக்குப் பெரிதும் துணை செய்வது.

சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் 'திருநாளைப்போவார்' என்று பெயரளவிலேயே அவரைச் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி அவருடைய ஊரையும் குலத்தையும் கூறினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர் வரலாற்றை விரித்துப் பாடினார். முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் அளித்து வந்த தொண்டர் அவர். திருப்புன்கூரில் நந்தி விலகிற்று என்பதை இன்று சிறு குழந்தையும் அறியும். அதே திருப்புன்கூரில் அவர் பள்ளமான இடம் ஒன்றைக் கண்டு குளம் தோண்டினார் என்றும் சேக்கிழார் கூறுகின்றார். அதனை நினைப்பவர் சிலரே. வியப்பை நினைக்கும் உலகம் உழைப்பை எளிதில் மறந்துவிடுகின்றது.

பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு கொடிய நில உடைமையாளர் அங்கே தோன்றினார். பண்ணையாள் படும் துயரைத் தஞ்சை மண்ணில் கண்டறிந்த கவிஞரின் கற்பனை அது. பின் மேடைகளிலும் திரைப்படங்களிலும் நந்தனார் வந்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படத்தை நம் முதியோர் பலர் கண்டு கண்ணீர் வடித்ததுண்டு.

இத்துணைப் பேர் நந்தனாரை நினைத்தனர். ஆயினும் ஒரு செய்தியை நாம் கருத வேண்டும். அவர் தீயில் மூழ்கி, பழைய உடல் நீங்கி, முப்புரி நூல் விளங்கும் முனிவராக எழுந்த பின்னரே தில்லை அவரை ஏற்றது என்பது கதை. அவர் இருந்தவாறே ஏற்கப்படவில்லை. பிறர் எழுதும் நினைவு அன்போடு எழுதப்பட்டாலும், எழுதுவோர் விரும்பும் உருவத்தையே அது நமக்குத் தரும்.

அந்நினைவை நம்மவர் கையில் எடுத்தபோது அதன் பொருளே மாறிற்று. ஆரணிக்கு அருகில் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கினார். எந்த ஊரின் கோயில் வாயிலில் நந்தனார் நின்றாரோ அந்த ஊரிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுந்தது. அதற்குத் தம் பெயரைச் சகஜானந்தர் சூட்டவில்லை. 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டாதாரின் தோற்றம் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கு உரிமையாக்கினார். ஆதனூர்ச் சேரியின் பெயர் இவ்வாறு மகாராட்டிரத்து அறிஞரின் நூல் முகப்பில் ஏறிற்று.

தம் கையால் எழுதியவர்

பிறர் எழுதக் காத்திராமல் தம் வரலாற்றைத் தாமே எழுதியவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1939ஆம் ஆண்டில் முதுமைப் பருவத்தில் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலை அவர் வெளியிட்டார். பெயருக்கேற்பச் சுருக்கமான நூல். தற்புகழ்ச்சிக்கு அதில் இடம் குறைவு.

செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் பிறந்த அவர், குடும்பத்தோடு தஞ்சைக்கும் பின்னர்க் கோவைக்கும் இடம்பெயர்ந்தவர். கோவையில் பயின்ற நாளில் ஏறக்குறைய 400 மாணவருள் பத்துப்பேர் தவிர ஏனையோர் அந்தணர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, பிறரோடு பழகாமல் ஒதுங்கி நின்றதை அவர் மறைக்காது எழுதினார். பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை தனியே இருந்து படிப்பதும், வகுப்பு முடிந்தவுடன் விரைந்து வீடு திரும்புவதும் அச்சிறுவனின் வழக்கமாயின.

அச்சிறுவனே வளர்ந்து 1891இல் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். மறைத்து வாழ்ந்த பெயரைத் தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். இழிவுக்கு இடமாக்கப்பட்ட பெயரை நாமே தலைநிமிர்ந்து உரைத்தாலன்றி அவ்விழிவு நீங்காது என்பது அவர் கொள்கை. 1900ஆம் ஆண்டில் கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். பின் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களைப் பயன்படுத்தவும் எவர்க்கும் தடையில்லை என்னும் தீர்மானம் 1924இல் அவர் முயற்சியால் நிறைவேறிற்று. 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதிட்டார். 1945இல் மறைந்தார்.

இத்துணைப் பெருமைகளைப் பெற்றவர் தம் முதுமையில் வாழ்க்கையை எழுத முற்பட்டபோது, பட்டங்களை மட்டும் அடுக்கியிருக்கலாம். அவரோ ஒதுங்கி நின்ற அச்சிறுவனையும் உடன் அழைத்து வந்து நூலில் நிறுத்தினார். தன்னை எவ்வாறு நினைக்க வேண்டும் என்று ஒருவர் உலகிற்கு உணர்த்தும் நேர்மையான முறை இதுவே. எங்கே தொடங்கினோம் என்பதை மறைத்துவிட்டால், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை எவரும் அளக்க இயலாது.

மறந்து மீண்ட பெயர்

சீனிவாசனாரின் மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதரின் வரலாறு வேறொரு பாடம் கூறும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் தாம் மறையும் வரை வாரந்தோறும் எழுதிக் குவித்தவர் அவர். வரலாறு, சமயம், மருத்துவம், அரசியல், இலக்கியம் என அவர் தொடாத துறை குறைவு. ஆயினும் அவர் மறைந்தபின் பல்லாண்டுகள் தமிழுலகின் பெரும்பகுதி அவரை மறந்தே இருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே அறிஞர் உலகம் அவரை மீண்டும் கண்டது.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் மறந்த ஒருவரை மீட்க முடிந்தது எதனால்? பழைய இதழ்களைச் சிலர் எரிக்காமலும் எடைக்குப் போடாமலும் வைத்திருந்ததனால். சிலையும் மண்டபமும் பின்னர் எழலாம். தாள் இல்லையேல் எழுவதற்கு ஒன்றுமில்லை.

ஆற்றங்கரையில் ஒரு நினைவகம்

நம் ஊரில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் இடத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி பல்லாண்டுகள் பேணுவாரின்றிக் கிடந்தது. 1920களில் அதனைச் சீர்ப்படுத்தித் தம் பொருள் முழுவதையும் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் தேவதாசி மரபில் பிறந்தவர். தாம் எழுப்பிய அக்கோயிலில் நடந்த விழாவில் பெண்கள் பாட இடமில்லை என்று ஆண்கள் கூறியபோது, அவர் பின்வாங்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். 1940-41ஆம் ஆண்டுகளில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றுபட்டு, பெண்களும் பாடும் நிலை வந்தது. 1952இல் அவர் இவ்வூரிலேயே மறைந்தார். தியாகராசர் சன்னிதியை நோக்கியவாறே அவருடைய நினைவிடம் இன்றும் உள்ளது.

தஞ்சை மராட்டியர் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண் கவியின் தெலுங்கு நூலை 1910இல் பதிப்பித்தவரும் இவ்வம்மையாரே. அந்நூல் தடை செய்யப்பட்டு, 1947இல் தடை நீங்கிற்று. ஆக, தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று மட்டும் அவர் பாடுபட்டாரல்லர். மறக்கப்பட்ட இருவரை நினைவில் நிறுத்தினார், தாமும் நின்றார். நந்தனார் பெயரால் கல்வி தந்த சகஜானந்தரும் இவ்வாறே. பிறர் நினைவைப் பேணியவரின் நினைவைக் காலம் பேணுகின்றது.

நமது கல்வெட்டு

இராசராசனின் கல்லில் பெயர் பெறாத சேரிக்கு எப்போது பெயர் கிடைத்தது? துயரத்தாலும் கிடைத்ததுண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். அங்கே எழுந்த நினைவிடத்தில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட பின்னரே கல்லில் இடம் என்னும் நிலை இனி ஒருபோதும் வேண்டா.

வாழும்போதே பெயர் எழுதப்படும் இடம் ஒன்றை ஆசிரியப் பணியில் நரைத்த யாம் நன்கறிவோம். அது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பள்ளியில் எத்தனையோ பதிவேடுகள் காலம் கடந்ததும் அழிக்கப்படும். சேர்க்கைப் பதிவேடு மட்டும் நிலையாகப் பேணப்படும். பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டுங்கள். பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் 'கூலி', 'கூலி', 'கூலி' என ஒரே சொல் பக்கம் பக்கமாக இறங்கும். பிறந்த நாள் அறியாத பிள்ளைகளுக்கு ஐந்து வயது நிறையும்படி ஆசிரியரே ஒரு நாளைக் குறித்திருப்பார். அதனால்தான் நம்மவருள் பலர் கோடை விடுமுறையை ஒட்டிப் பிறந்தவராகக் காணப்படுகின்றனர். கையொப்ப இடத்தில் பெருவிரல் ரேகை இருக்கும். தாயின் பெயருக்கு அந்நாளில் கட்டமே இல்லை.

சில பத்தாண்டுகள் கடந்து அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை அதே பதிவேட்டில் சேரும். ரேகை இருந்த இடத்தில் கையொப்பம் வரும். 'கூலி' இருந்த இடத்தில் 'ஆசிரியர்' என்றோ, 'நடத்துநர்' என்றோ, 'செவிலியர்' என்றோ வரும். ஒரு சொல் மாறுவதற்கு ஒரு தலைமுறை உழைத்திருக்கின்றது. இதுவே நமது கல்வெட்டு. இதனை எழுதுவித்தவர் மன்னர் அல்லர். ஒருவேளை உண்டு ஒருவேளை விட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்.

நம்மை நாமே கேட்போம்

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இம்மலரைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பொன் விழா மலரில் தம்மைப் பற்றி வரக்கூடிய ஒரு பத்தியைத் தாமே எழுதிப் பார்க்க வேண்டுகின்றோம். அதனை நம் நண்பர் எழுதுவதாகக் கொள்ளற்க. நண்பர் இனியனவே எழுதுவர். நம் தெருவில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு நடவுக்குச் சென்ற பெண் எழுதுவதாகக் கொள்க. வேலை கிடைத்து நகரக் குடியிருப்புக்குச் சென்ற மகனின் வரவை எதிர்நோக்கும் தந்தை எழுதுவதாகக் கொள்க. விடுதியில் சேர இடம் கேட்டு வந்து நின்ற மாணவன் எழுதுவதாகக் கொள்க. அவர்கள் எழுதும் பத்தியில் நாம் எவ்வாறு இருப்போம்?

இப்பயிற்சியில் எழும் கேள்விகள் எளியன அல்ல. நாம் பெற்ற கல்வியால் எத்தனை பேர் கல்வி பெற்றனர்? நகரில் புது வீடு கட்டியவர், அண்டை வீட்டார் ஊர்ப்பெயரைக் கேட்கும்போது தெருப்பெயரையும் கூறுகின்றாரா? சீனிவாசனார் சிறுவனாயிருந்தபோது அஞ்சி மறைத்தார். அன்று காலம் அத்தகையது. கற்றுத் தேர்ந்து ஊதியம் பெறும் நாளில் அவர் மறைக்கவில்லை. பிள்ளைப் பருவத்து அச்சத்தை ஓய்வூதியம் பெறும் வயது வரை சுமந்து செல்வோர் நம்மிடை உளரெனில், பறையன் இதழின் தலைப்பை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. இது ஒருவரைக் கடிவதற்கன்று. வாடகைக்கு வீடு கேட்கும் இடத்தில் நேரும் துன்பத்தை யாமும் அறிவோம். ஆயினும், மறைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு எதை நினைவாக விட்டுச் செல்கின்றோம் என்பது கேட்கத் தக்க கேள்வியே.

கழகமும் தன்னைத் தான் கேட்க வேண்டும். கோயில் விளக்கில் ஒளி மறையுமளவு 'உபயம்' எழுதும் வழக்கத்தை நாம் கண்டிருக்கின்றோம். நம் கட்டடங்களில் கொடையாளர் பெயர் இருத்தல் முறையே. அப்பெயர்களுக்கு அருகில், அக்கட்டடத்துக்கு மண் சுமந்தவர் பெயரும், சமைத்துப் போட்ட அம்மையாரின் பெயரும் இருக்கின்றனவா? பறைச்சேரி என ஒரே சொல்லில் நம்மை முடித்த கல்வெட்டைக் குறை கூறும் நாம், நம் வரலாற்றை எழுதும்போது எவரையும் 'மற்றும் பலர்' என முடித்துவிடலாகாது.

செய்ய வேண்டுவன

எண்ணிப் பார்த்தலோடு நில்லாது செயலில் இறங்க மூன்று பணிகளைக் கழகத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இந்த 25 ஆண்டுகளில் நம்மிடம் பயின்ற மாணவ மாணவியர் அனைவரின் பெயரையும், தந்தை பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்து ஒரே நூலாகத் தொகுத்தல் வேண்டும். தேர்ச்சி பெற்றவர் மட்டுமின்றி இடையில் நின்றவர் பெயரும் அதில் இடம் பெறுக. அவர்களை மீண்டும் தேடிச் செல்ல அதுவே வழிகாட்டும்.

இரண்டாவது, பண்ணை நாள்களைக் கண்ட முதியோர் நம் தெருக்களில் இன்னும் சிலரே உளர். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வைத்தல் வேண்டும். இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் குரலைப் பதிவு செய்யும் கருவி உள்ளது. மாணவர் ஒருவர் ஒரு முதியவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால் போதும்.

மூன்றாவது, கழகத்தின் பழைய அறிக்கைகள், கடிதங்கள், அழைப்பிதழ்கள், படங்கள் ஆகியவற்றைக் கரையான் தீண்டாத பேழையில் காத்தல் வேண்டும். அயோத்திதாசர் மீண்டு வந்தது தாளின் வழியாகவே என்பதை மறவற்க.

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என ஐந்து ஆறுகளால் பெயர் பெற்றது நம் மண். அவ்வாறுகளின் கரைகளை உயர்த்தியவர், வாய்க்கால்களைத் தூர் வாரியவர், மடைகளைக் காத்தவர் நம் முன்னோர். அவர்கள் பெயர்களை நாம் அறியோம். நம் பெயர்களை நம் பேரப்பிள்ளைகள் அறிவர். எழுத்து இன்று நம் கையில் உள்ளது. அறிந்த பெயரை அவர்கள் மகிழ்ந்து சொல்லும்படி வாழ்தலே எஞ்சியுள்ள கடமை. பொன் விழா மலரின் பக்கங்கள் இன்று முதலே எழுதப்படத் தொடங்கிவிட்டன.

வாழ்க கல்விக் கழகம்! வளர்க அதன் தொண்டு!